காலடிப்பேட்டையிலிருந்து அரை மாரத்தான்: மெரினா குழுவா, எண்ணூர் விரைவுச் சாலையா, ட்ரெட்மில்லா?

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு தங்கை அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறார். சென்ற செப்டம்பர் நடுவில், இரவுப் பணி முடித்துத் திரும்பிய காலையில், வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த என்னிடம் நின்று, "அண்ணா, ஜனவரி ஆஃப் மாரத்தானுக்குப் பணம் கட்டிட்டேன். மெரினாவுல ஒரு குரூப்ல கூப்பிடறாங்க. அங்க போறதா, இங்கேயே எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஓடறதா, ஜிம்முல சேர்றதா? எதுன்னு சொல்லுங்கண்ணா" என்று கேட்டார். "ரெண்டு நாள் டைம் குடும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மூன்று வழிகளிலும் நான் பயிற்சி செய்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் கிடைத்ததும் இழந்ததும் நினைவில் இருக்கின்றன. ஆனாலும் அவருடைய வேலை, தூக்கம், வீடு ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்காமல் பதில் சொல்வது பொறுப்பாகாது என்று தோன்றியது. அந்த இரண்டு நாள் யோசனையைத்தான், வடசென்னையிலிருந்து முதல் அரை மாரத்தானுக்குத் தயாராகும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். அந்தத் தங்கையால் அப்போது 5 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் ஓட முடிந்தது, அதாவது கிலோமீட்டருக்கு 8 நிமிடம். அதே வேகம் கடைசிவரை தாங்கினால் 2 மணி 49 நிமிடத்தில் முடிக்கலாம். தாங்குமா என்பதுதான் கேள்வி. 5 கிலோமீட்டரை மூச்சும் மன உறுதியும் கொண்டே முடித்துவிடலாம். 21 கிலோமீட்டரில் மூச்சுக்கு முன்பாகவே தசைநாரும் எலும்பும் பாதமும் கணக்குக் கேட்கத் தொடங்கிவிடும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிக்கொள்கின்றன. தசைநார்களுக்கும் எலும்புகளுக்கும் மாதக்கணக்கில் அவகாசம் தேவைப்படுகிறது. புதிதாக ஓடுகிறவர்களுக்கு ஆறாவது, ஏழாவது வாரத்தில் முழங்காலோ கணுக்காலோ வலிக்கத் தொடங்குவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்: மூச்சு தயாராகிவிட்டது, கால் இன்னும் தயாராகவில்லை.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. முதல் முறை பதிவு செய்தபோது, மெரினாவில் கூடும் ஒரு குழுவில் சேர்ந்து ஞாயிறு தவறாமல் போனேன்; 10, 12, 15 என்று தூரம் ஏறியது, பெருமையாக இருந்தது. வார நாட்களில் மட்டும் அலுவலகம், களைப்பு, "இன்னைக்கு வேணாம்" என்று ஏதோ ஒன்று குறுக்கே வந்துகொண்டிருந்தது. போட்டியன்று 16 கிலோமீட்டர் பலகையைத் தாண்டிய சிறிது தூரத்தில் தொடை இறுகிப்போய், காலைத் தூக்கி வைக்க முடியாமல், மீதியை நடந்தே முடித்தேன். 3 மணி 4 நிமிடம் ஆயிற்று. மறு ஆண்டு ஞாயிறு ஓட்டத்தின் தூரத்தைக் கூட்டவே இல்லை. செவ்வாயும் வியாழனும் மட்டும் வீட்டு வாசலிலிருந்து 6, 7 கிலோமீட்டர் தவறாமல் ஓடினேன். 2 மணி 31 நிமிடத்தில் முடித்தேன், ஒரு முறைகூட நிற்கவில்லை.

ஆகவே மூன்று வழிகளையும் நான் அளப்பது ஞாயிற்றுக்கிழமையை வைத்து அன்று. ஞாயிறு அதிகாலை யாரையும் எங்கேயும் எழுப்பிக் கூட்டிக்கொண்டுபோய்விடலாம். செவ்வாய்க்கிழமை, மழைத் தூறலில், முந்தின நாள் வேலைக் களைப்போடு, எந்த வழி உங்களை வாசலைத் தாண்ட வைக்கிறது என்பதே அளவுகோல். வாரத்தின் மொத்தத் தூரத்தையும் ஏறக்குறைய ஒரே ஞாயிறு ஓட்டத்தில் ஏற்றினால், அந்தச் சுமை காலுக்கு ஒவ்வொரு வாரமும் புதிதாகவே இருக்கும். அதே தூரம் மூன்று நான்கு நாட்களில் பிரிந்தால் பழகிப்போகும்.

மெரினா குழு

குழுவோடு ஓடுவதன் நன்மையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சென்னையில் அமெச்சூர் ஓட்டம் இவ்வளவு பரவியதற்கே ஓட்டக் குழுக்கள்தான் காரணம். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானை நடத்துவதும் சென்னை ரன்னர்ஸ் என்ற ஓட்டக்காரர்களின் அமைப்புதான். குழுவில் உங்கள் வேகத்துக்கு ஒத்த ஒருவர் கிடைத்துவிட்டால், பேசிக்கொண்டே ஓடுவது தானாக வந்துவிடும். முதல் முறை ஓடுபவருக்கு அதைவிட நல்ல வேகக்கட்டுப்பாடு கிடையாது. முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே பயிற்சியின் பெரும்பகுதிக்கு உகந்த வேகம். தனியாக ஓடுகிறவர் பெரும்பாலும் அதைவிட வேகமாக ஓடிவிட்டு, மறு ஓட்டத்துக்குச் சக்தி இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறார். இடமும் நல்லது. உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர். மூன்று முறை போய்த் திரும்பினால் 18 கிலோமீட்டர், அதாவது ஒரு புதியவருக்குத் தேவையான மிக நீண்ட பயிற்சி ஓட்டம் அங்கேயே அடங்கிவிடுகிறது. விளக்கு, கழிப்பறை, இளநீர், ஆள் நடமாட்டம் எல்லாம் உண்டு. பெண்கள் இருட்டில் ஓடுவதற்கு வடசென்னையில் எந்தச் சாலையையும் விட அந்தக் கரை பாதுகாப்பானது என்பதை நான் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்.

தூரம்தான் சிக்கல். காலடிப்பேட்டையிலிருந்து, மெரினாவின் வடமுனையிலுள்ள நேப்பியர் பாலம் பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாது. 5 மணி ஓட்டத்துக்கு 4 மணிக்கே வண்டியை எடுக்க வேண்டும், அதற்கு மூன்றரைக்கு எழ வேண்டும். அந்த நேரத்தில் காசிமேடு விழித்துக்கொண்டிருக்கும். மீன்பிடித் துறைமுகத்துக்கு முன்னால் ஐஸ் பெட்டி ஏற்றிய மினி வேன்களும் ஷேர் ஆட்டோக்களும் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும்; மீன் தண்ணீர் வழிந்த தார்ச்சாலையில் இருசக்கர வண்டி வழுக்கும். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க நகரமே வந்துவிடுவதால் திரும்பும் வழியில் அந்த இடத்தைக் கடக்கவே தனி நேரம் ஒதுக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் அந்தச் சாலை ஓரளவு ஓய்ந்திருக்கும். நமக்கு ஓட்டப் பயிற்சி தேவைப்படும் மாதங்கள் அவை அல்ல.

மெட்ரோவை மறந்துவிடக் கூடாது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை பாதை நீண்ட பிறகு, காலடிப்பேட்டையில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, வாலாஜா சாலை வழியாக நடந்தே கடற்கரையை அடைந்துவிடலாம். அந்த நடையே உடலைச் சூடேற்றும் பயிற்சியாகவும் ஆகிவிடுகிறது. காலை 5 மணிக்குத்தான் சேவை தொடங்குவதால் கடற்கரையில் கால் வைக்க ஆறு மணி ஆகிவிடும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் ஆறரையை ஒட்டி உதிப்பதால் இது பரவாயில்லை. மே மாதத்தில் ஆறு மணிக்கு ஓடத் தொடங்குவதென்றால் பாதி ஓட்டம் சுடு வெயிலில் போகும். வாரத்தில் ஒரு நாளுக்கு மெட்ரோவும் மெரினாவும் நல்ல ஏற்பாடு. வாரத்தில் மூன்று நாளுக்கு அது நடக்காது. நடத்திக் காட்டுகிறேன் என்று கிளம்பிய நான் தூக்கத்தில்தான் கைவைத்தேன். நாலரை மணி நேரத் தூக்கத்தோடு ஒரு மாதம் ஓடியதில் கெண்டைக்கால் எலும்பின் உள்பக்க வலி வந்து மூன்று வாரம் படுத்தது. பயிற்சியில் உண்டாகும் தேய்மானத்தை உடல் சரிசெய்வது தூக்கத்தில்தான். இரவுப் பணி பார்க்கும் ஒரு செவிலியரிடம் இன்னும் ஒரு மணி நேரத் தூக்கத்தைப் பறித்து அதை உடற்பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண்ணூர் விரைவுச் சாலை

வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில் கடல். திருவொற்றியூர்க் கடற்கரையை ஒட்டிப் போகும் எண்ணூர் விரைவுச் சாலை நேரானது, மேடு பள்ளம் இல்லாதது, வலப்பக்கம் கருங்கல் கொட்டிய கரையும் அலையும். நான்கரை மணிக்கு வாசலைத் தாண்டினால் ஐந்தரைக்கு வீட்டில் குளித்துக்கொண்டிருக்கலாம். என் செவ்வாயும் வியாழனும் இந்தச் சாலையில்தான் கழிந்தன. தொடக்கூடிய தூரத்தில் இருக்கிறது என்ற ஒரே தகுதிக்காக இதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் இது லாரிகளின் சாலை. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்; இரண்டு ட்ரெய்லர்களுக்கு நடுவே லுங்கியைத் தூளியாகக் கட்டித் தூங்கும் ஓட்டுநரையும், சக்கரத்தின் அருகே பம்ப் ஸ்டவ்வில் கொதிக்கும் அரிசியையும் பார்த்துக்கொண்டே பல காலை ஓடியிருக்கிறேன். நிற்கும் வரிசை ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வதால், ஓடுகிறவருக்கு மிஞ்சுவது ஓடும் லாரிக்கும் நிற்கும் லாரிக்கும் இடைப்பட்ட இரண்டு முழ அகலம். வரிசை திடீரென்று நகரத் தொடங்கினால் காற்றுப் பிரேக்கின் சீறல்தான் முதல் எச்சரிக்கை. வண்டிகளை எதிர்நோக்கி ஓடுவதும், ஒளி திருப்பும் பட்டையை அணிவதும், காதில் எதையும் மாட்டாமல் இருப்பதும் இங்கே கட்டாயம். இருட்டில் தனியாக ஒரு பெண்ணை இந்தச் சாலைக்கு நான் அனுப்ப மாட்டேன். அது அவருடைய துணிவைப் பற்றிய சந்தேகம் அல்ல. விபத்தோ வேறு எதுவோ நேர்ந்தால் கூப்பிடும் தூரத்தில் ஆள் இருக்காது என்பதே காரணம்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கடலோரச் சாலை என்பதால் காற்று சுத்தமாக இருக்கும் என்று எண்ணுகிறார்கள். கடல்காற்று வீசத் தொடங்குவது நிலம் சூடேறிய பிறகுதான். விடியற்காலையில், வானம் தெளிவாக உள்ள நாட்களில், காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல நகரும். திருவொற்றியூருக்கு நிலப்பக்கம் இருப்பது மணலியின் ஆலைகள். அதோடு குளிர்கால அதிகாலையில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மீது சூடான காற்று மூடிபோல அமர்ந்துவிடுவதால், புகை மேலே கலைய முடியாமல் நாம் மூச்சிழுக்கும் உயரத்திலேயே தங்கிவிடுகிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும் நாம், மெதுவாக ஓடும்போதே 40, 50 லிட்டர் இழுக்கிறோம், அதுவும் மூக்கின் வடிகட்டலைத் தவிர்த்து வாய் வழியாக. மணலியில் காற்றுத்தர அளவீட்டு நிலையம் இருக்கிறது. அதன் அளவு கைப்பேசியில் கிடைக்கிறது. பிஎம் 2.5 நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியாக நம் நாட்டு வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 15. நான் வைத்துக்கொண்ட விதி எளியது: 60-ஐத் தாண்டினால் அன்று வெளியே ஓடுவதில்லை, போகிப் பண்டிகையை ஒட்டிய நாட்களில் பார்க்காமலேயே ஓடுவதில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தங்களுக்கு இன்னும் குறைவான வரம்பை வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல காற்றுக்காகத் தெற்கே போய் ஓட வேண்டியிருக்கிறது என்பது இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு ஆறாத வருத்தம். ஓட்டக்காரர்களுக்கு மட்டுமல்ல, பள்ளிக்குப் போகும் குழந்தைகளுக்கும் இதே காற்றுதான்.

திடலும் ட்ரெட்மில்லும்

தங்கை கேட்காத நான்காவது வழி ஒன்று உண்டு; அதைத்தான் நான் முதலில் யோசித்திருக்க வேண்டும். தெருவுக்கு அருகிலுள்ள மாநகராட்சி விளையாட்டுத் திடல், பூங்கா, மரம் நிறைந்த உள்சாலை போன்ற சுற்றுப்பாதைகள். மாதவரம் பக்கம் இருப்பவர்களுக்குப் பால்பண்ணைக் குடியிருப்புச் சாலைகளின் நிழல் கிடைக்கிறது, பெரம்பூர், ஐ.சி.எஃப். பக்கம் இருப்பவர்களுக்கு ரயில்வே குடியிருப்புச் சாலைகள். எங்கள் பகுதியில் அவ்வளவு வசதி இல்லை, ஆனால் திடல் இருக்கிறது. ஒரு சுற்று 300 மீட்டர் என்றால் இருபது சுற்றில் 6 கிலோமீட்டர். அலுப்பூட்டும் என்பது உண்மை. மண்தரை காலுக்கு மென்மையானது, நடைப்பயிற்சிக்கு வரும் பெண்களும் பெரியவர்களும் சுற்றிலும் இருப்பார்கள், தண்ணீர்ப் பாட்டிலை ஓர் இடத்தில் வைத்துவிட்டுச் சுற்றுக்கொரு முறை எடுக்கலாம், உடம்புக்கு முடியாவிட்டால் வீடு ஐந்து நிமிடத்தில். ஐந்து சுற்றுக்கு ஒரு முறை திசையை மாற்றிக்கொண்டால் ஒரே பக்கக் கணுக்காலில் சுமை சேராது. மழை பெய்து சேறானால் மட்டும் திடல் கைவிட்டுவிடும்.

ஜிம்மில் நகரும் பட்டையின் மேல் நின்ற இடத்திலேயே ஓட வைக்கும் ட்ரெட்மில்லைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அது மோசமான கருவி அல்ல. மணி பார்க்க வேண்டாம், வெளிச்சம் பார்க்க வேண்டாம், மாலை பணி முடித்து இரவு 9 மணிக்கும் ஓடலாம். பெல்ட் தார்ச்சாலையைவிட மென்மையானது. வெளியே ஓடுவதற்கு ஈடாக 1 சதவீதச் சாய்வு வைக்க வேண்டும் என்பது வேகமாக ஓடுகிறவர்களுக்கான கணக்கு, காற்றின் எதிர்ப்பை ஈடுகட்டுவதற்காக. கிலோமீட்டருக்கு 8 நிமிட வேகத்தில் அது தேவையில்லை. அதன் உண்மையான குறை, குளிரூட்டிய அறையில் ஓடிப் பழகிய உடல் சென்னையின் ஈரப்பதத்துக்குத் தயாராவதில்லை என்பதே. வெப்பத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் வெளியில் ஓட வேண்டியிருக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதும், வியர்வை சீக்கிரம் தொடங்குவதும், அதில் உப்பு குறைவதும் அந்த நாட்களில்தான் நிகழ்கின்றன. ஆகவே ஜிம் கட்டணத்தை முழுப் பயிற்சிக்கும் கட்டத் தேவையில்லை. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை, இரண்டு மாதத்துக்குக் கட்டினால் போதும்.

ஏன் அந்த இரண்டு மாதம் என்றால், ஜனவரிப் போட்டிக்கான பயிற்சியின் கனமான வாரங்கள் வடகிழக்குப் பருவமழையின் நடுவில்தான் விழுகின்றன. கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் தண்ணீர் நின்றால் எந்த மூடி திறந்திருக்கிறது, எந்தப் பள்ளம் ஆழம் என்று தெரியாது. தேங்கிய நீரில் ஓடுவதை நான் யாருக்கும் அனுமதிக்க மாட்டேன். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மின்சாரமும் இல்லை, உலர்ந்த தரையும் இல்லை. அந்த இரண்டு வாரம் ஓட்டம் என்ற சிந்தனைக்கே இடமில்லை. போட்டிக்கு ஒரு மாதம் இருக்கையில் அப்படி ஓர் இடைவெளி விழுந்தால், விட்ட தூரத்தையெல்லாம் சேர்த்து ஓடிப் பிடிக்க முயலக் கூடாது. விட்ட இடத்திலிருந்து ஒரு படி கீழே இறங்கித் தொடர வேண்டும். இவ்வளவு இருந்தும், முதல் முறைக்கு ஜனவரிதான் நல்லது என்பேன். ஜூலையில் நடக்கும் ட்ரீம் ரன்னர்ஸ் அரை மாரத்தானும் நல்ல போட்டிதான், ஆனால் அதற்கான பயிற்சி அக்னி நட்சத்திரத்தில் போகும். மழையில் சில ஓட்டங்கள் தவறும், அவ்வளவுதான். மே மாதப் புழுக்கத்தில் தவறான ஒரு நாள் ஓட்டம், உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மருத்துவமனையில் கொண்டுவிடும்.

இடையிடையே நடப்பதா, விடாமல் ஓடுவதா

இதையும் தங்கை பிறகு கேட்டார். குழுவில் ஒருவர், நடந்தால் அது ஓட்டமே ஆகாது என்று சொல்லிவிட்டாராம். நான் அதை ஏற்கவில்லை. 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே புதியவர்களுக்கென்று எழுபதுகளிலேயே வகுத்துக் கொடுத்த முறை அது: களைத்த பிறகு நடப்பதல்ல, களைப்பதற்கு முன்பே, முதல் கிலோமீட்டரிலிருந்தே திட்டமிட்டு இடைவெளிவிட்டு நடப்பது. 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று வைத்துக்கொண்டால், ஓடும்போது கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 45 வினாடியும், நடக்கும்போது 11 நிமிடமும் ஆகிறவருக்குக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 15 வினாடிதான் வருகிறது. 21 கிலோமீட்டரை 3 மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். விடாமல் ஓடுவதில் ஒரு மனநிறைவு உண்டு, நான் அப்படித்தான் ஓடுகிறேன். ஆனால் ஓட்டத்துக்கு ஆறு மாதமே ஆன, எட்டு மணி நேரம் வார்டில் நின்றபடி வேலை பார்க்கும் ஒருவருக்கு, கடைசி 5 கிலோமீட்டரில் கால் மிச்சமிருப்பதே முக்கியம். பயிற்சியில் எந்த முறையோ போட்டியிலும் அதே முறை இருக்க வேண்டும். அன்றைக்கு உற்சாகத்தில் மாற்றிக்கொண்டால் கணக்குத் தவறும்.

வார எண்ணிக்கையில் நான் கடுமையாக இல்லை. ஐந்து நாள் ஓடுவதா, மூன்று நாள் ஓடுவதா என்றால், பணிமாற்றம் உள்ளவருக்கு மூன்று நாள் ஓட்டமும், ஓடாத ஒரு நாளில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுவது, குதிகால் தூக்குவது போன்ற கால் வலுப்பயிற்சியும் போதும். வாரத்துக்கு 14 கிலோமீட்டரில் தொடங்கி, 10 சதவீத அளவுக்கே கூட்டி, நான்காவது வாரம் குறைத்து, மறுபடி கூட்டி, 32 வரை ஏறினால் போதுமானது. நீள ஓட்டம் 17, 18-க்கு மேல் போக வேண்டியதில்லை. கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்துக் கால்களை ஆறவிட வேண்டும்.

தண்ணீர், உணவு பற்றி ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் வற்புறுத்துவேன். ஞாயிறு நீள ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். இடையில் குடித்ததையும் சேர்த்து, ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் எனக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகிறது. ஓடி முடித்ததும் முன்கையில் விரலை வைத்துத் தேய்த்தால் உப்புப் பொடி நறநறக்கிறது. இந்த அளவு தெரியாமல் பயந்து பயந்து வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரும், அதுவும் ஆபத்துதான். ஓ.ஆர்.எஸ். என்ற உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் இரண்டு வாழைப்பழமும் எனக்கு எல்லாப் போட்டிகளிலும் போதுமானதாக இருந்தன; ஆனால் பொதுவாக, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும், ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. ஓட்டக்காரர்களுக்கான மாவுச்சத்து ஜெல் பாக்கெட் பிடிக்கிறவர்கள் அதைப் பயிற்சியிலேயே சாப்பிட்டு வயிறு ஒப்புகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

தங்கைக்குச் சொன்னது

இரண்டு நாள் கழித்து மாலையில் அவரையும் அவருடைய அம்மாவையும் வைத்துக்கொண்டே சொன்னேன். பகல் பணி வாரங்களில் செவ்வாயும் வியாழனும் தெரு முனைத் திடல், காலை ஐந்தரைக்கு, நடைப்பயிற்சிப் பெண்கள் வரத் தொடங்கிய பிறகு. இரவுப் பணி வாரத்தில் பணி முடித்து வந்த காலையில் ஓடவே கூடாது; தூங்கி எழுந்து மாலை ஐந்து மணிக்கு ஓட வேண்டும், அந்த நேரத்தில் கடல்காற்றும் கிடைக்கும். மழை மாதங்களில் அதே கிழமைகளில் ட்ரெட்மில். மெரினா குழுவில் சேரட்டும், ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, மெட்ரோவில் போய், அவர்கள் பாதி ஓடியிருக்கும்போது சேர்ந்துகொண்டு. இடைப்பட்ட ஞாயிறுகளில் நானும் என் மனைவியும் விரைவுச் சாலையில் கூட வருகிறோம், விடிந்த பிறகு, காற்றின் அளவைப் பார்த்துவிட்டு. குழுவினர் இரண்டாம் சுற்றில் இருக்கும்போது போய்ச் சேர்வது கூச்சமாக இருக்கும் என்று அவர் தயங்கினார். ஓட்டக் குழுக்களில் நான் கண்டவரை, தாமதமாக வருகிறவரைக் கேள்வி கேட்பவர் யாரும் இல்லை. தண்ணீர்ப் பாட்டிலை நீட்டுகிறவர்கள்தான் இருக்கிறார்கள்.

அவருடைய அம்மாதான் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்பா, வாரத்துல ரெண்டு நாள் திடலைச் சுத்தினா 21 ஓடிட முடியுமா?" முடியும் என்றேன். உடனே தங்கை பணி அட்டவணையைத் தன் கைப்பேசியில் எடுத்து, பதினாறு வாரத்தின் செவ்வாய்க்கிழமைகளை மட்டும் முதலில் எண்ணினார். அவற்றில் ஐந்து இரவுப் பணியில் விழுந்தன. அந்த ஐந்தையும் மாலை ஓட்டமாகக் குறித்துக்கொண்டார். ஞாயிறுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் 4 கிலோமீட்டருக்கு அலாரம் வைத்தார்.